நாயைப் பிடியுங்கள்

முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் பதினொரு பேர்.
பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்; ஹீட்டர் பாதிதான் வேலை செய்தது.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்து
ஆரோக்கியம் என்றால் என்ன என்று
ஒன்றரை மணிநேரம் சண்டை போட்டோம்.

நகராட்சியிலிருந்து வந்த கன்சோரிக்
நாற்பத்திரண்டு கேள்விகளை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்.
"நூறு வீடு போதும்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்."
தண்ணீர்க் கடை ஒயுன்பிலெக் கையை உயர்த்தாமலே பேசினாள்:
"ஒரே பானையா? உலான்பாதரின் இந்த வடக்குச் சரிவில்
அறுநூறு அடுப்பு தனித்தனியே எரிகிறது."

நாற்பத்திரண்டு பத்தொன்பதாயிற்று.
'வாரத்தில் எத்தனை முறை உடற்பயிற்சி?' என்பதை
பஸ் ஓட்டும் தஷ்செவெக் அடித்தார்,
தண்ணீர்க் கேனை மேட்டுக்கு இழுப்பது
எந்தக் கட்டத்தில் வரும் என்று கேட்டுவிட்டு.

ஜனவரி. இருவர் இருவராகப் போனோம்.
இங்கே வேலியோரம் வணக்கம் சொல்வதில்லை;
"நாயைப் பிடியுங்கள்!" என்று கத்த வேண்டும்,
நாயே இல்லாத வீட்டிலும்.
குரைத்தால் ஆள் உண்டு என்று எங்கள் கணக்கு.
பேனா மை உறைந்தது. பென்சிலுக்கு மாறினோம்.
நான்கு மணிக்கே கரிப்புகை இறங்கி
எதிர்வேலியை எடுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி ஏழு: சென்ற மாதம் எத்தனை நாள் நோயுற்றீர்கள்?
இல்லை. இல்லை. இல்லை.
சொல்லும்போதே இருமினார்கள்.
உப்புப்போட்ட பால்தேநீரை எங்கள் கையில் வைத்துவிட்டு
முகம் திருப்பி இருமினார்கள்.
இருமல் நோயில்லையாம். அது குளிர்காலம்.

இருபத்தேழு வீடு முடிந்த இரவு
நர்ஸ் நொரோவ்சுரேன் தாள்களை மேசையில் போட்டாள்:
"இதைக் கூட்டினால்
நாட்டிலேயே நலமான தெரு நம்முடையதுதான்."
தஷ்செவெக் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.

ஒயுன்பிலெக்குக்குப் படிவம் தேவைப்படவில்லை.
அக்டோபர்வரை இரண்டு கேன் வாங்கிய வீடு
இப்போது ஒன்று வாங்குகிறது என்றாள்;
வண்டி இழுக்க வரும் பிள்ளை மாறிவிட்டான் என்றாள்;
அதற்குமேல் சொல்ல மாட்டேன்,
அவர்களையே கேளுங்கள், ஒழுங்காகக் கேளுங்கள் என்றாள்.

கேள்வியை மாற்றினோம். கன்சோரிக் எதிர்த்தார்:
அச்சுக்கூலி, மேலிடம், போன வருடத்தோடு ஒப்பிட முடியாது.
அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.
பிறகு அவரே எழுதினார்:
இரவில் யார் இருமினால் உங்களுக்கு விழிப்பு வருகிறது?

அதற்கு யாரும் யோசிக்கவே இல்லை.
சின்னவள். இரண்டாவது பையன்.
வேலிக்கு அந்தப்பக்கத்து ஆள்,
பெயர் தெரியாது, மூன்று மணிக்குத் தொடங்குவான்.
ஒருத்தி சொன்னாள்: இப்போது யாருமில்லை.
நான் அதை எழுதவில்லை.
பென்சிலை உள்ளங்கைக்குள் வைத்து
வெகுநேரம் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் பெயர்களை எடுத்துவிட்டு
கணக்கையும் வரைபடத்தையும் தண்ணீர்க் கடைச் சுவரில் ஒட்டினோம்.
யாரிடம் வாங்கினோமோ அவர்களுக்கே முதலில்:
பதினொரு பேரும் தகராறில்லாமல் ஒத்துக்கொண்டது
இது ஒன்றைத்தான்.
பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில்.

மூன்றாம் நாள் தாள் முழுக்கத் திருத்தம்.
'கழிப்பறைக் குழியை விட்டுவிட்டீர்கள்.'
'தெருவிளக்கு பற்றிக் கேட்கவே இல்லை. என் தங்கை விழுந்தது அங்கேதான்.'
கெட்ட வார்த்தை ஒன்று, அதை யாரோ அழிக்கப் பார்த்த தடம்.
மேல்கோடியில், நாங்கள் இரண்டுமுறை ஏறிப்போய்க் கத்தி
'ஆளில்லை' என்று குறித்த வேலியருகே
கோணலாக, அழுத்தி எழுதியிருந்தது:

இருக்கிறேன்.
நாய்தான் செத்துவிட்டது.
காது மந்தம். உள்ளே வந்து கேளுங்கள்.